லண்டன்லயே சின்ன ஃப்ளாட்டா, ரெடிங்ல தோட்டத்தோட வீடா? சின்னப் பசங்களோட வர்றோம்

கோவைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசில ஸ்கில்டு வொர்க்கர் விசால யூகே வர்றோம். ஆபீஸ் கிழக்கு லண்டன் கேனரி வார்ஃப்ல, வாரத்துக்கு மூணு நாள் நேர்ல போகணும். பொண்ணுக்கு போன டிசம்பர்ல நாலு முடிஞ்சுது, பையனுக்கு ஒன்றரை. மனைவி இங்க பேங்க் வேலைய விட்டுட்டு வர்றாங்க, முதல் கொஞ்ச நாள் பசங்களோட வீட்லதான் இருப்பாங்க. விசாவுக்கும் ஹெல்த் சர்சார்ஜுக்குமே (அரசு மருத்துவத்துக்கான கட்டணம், பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, பசங்களுக்கு 776, விசா எத்தனை வருஷமோ அத்தனைக்கும் முன்னாடியே கட்டணும்) சேமிப்புல பெரிய பங்கு போயிருச்சு, அதனால வாடகை மாசம் 1,800 பவுண்டு தாண்டக்கூடாது. ஆபீஸ் சீனியர் ஒருத்தர் லண்டனுக்கு மேற்கே இருக்கிற ரெடிங் போயிருங்கனு சொல்றார், மனைவியோட சித்தி பொண்ணு கிழக்கு லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல இருக்காங்க, அவங்க பக்கத்துலயே வந்துருங்கனு சொல்றாங்க. ரெண்டு பேருமே நல்லதுக்குத்தான் சொல்றாங்க, எனக்குத்தான் முடிவெடுக்கத் தெரியல.

லோயர்ஏர்லி_அப்பா:
ரெடிங் பக்கம் வாங்க, யோசிக்கவே வேணாம். ரெடிங்ல ஏறினா ஃபாஸ்ட் ட்ரெயின் அரை மணி நேரத்துக்குள்ள பேடிங்டன் போயிரும், அங்க எலிசபெத் லைன் மாறினா நேரா கேனரி வார்ஃப். 2022ல அந்த லைன் வந்ததுக்கப்புறம் இங்கிருந்து அந்தப் பக்கம் போறது எவ்வளவோ சுலபம். ரெடிங்கை ஒட்டின ஏர்லி, லோயர் ஏர்லி எல்லாம் வோக்கிங்ஹாம் கவுன்சில், ஸ்கூல் நல்லா இருக்கும், பசங்க ஓடி விளையாட பின்னாடி புல்தரை இருக்கும், டிண்டன் பாஸ்ச்சர்ஸ்ல ஏரிக்கரையோரமா சைக்கிள் விடலாம். நாளைக்கே வேலை மாறணும்னாலும் கிரீன் பார்க், வின்னர்ஷ்னு ஐடி கம்பெனிங்க இங்கயே இருக்கு. கிழக்கு லண்டன்ல அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்னா பழைய டெரஸ் வீட்டை (வரிசையா ஒட்டிக் கட்டின வீடு) ரெண்டா பிரிச்சு மாடிய மட்டும் வாடகைக்கு விடுவாங்க, சுவர்ல ஈரம் ஏறி பாத்ரூம் மூலைல கருப்பா பூஞ்சை பிடிச்சிருக்கும், குளிர்னு ஜன்னலையும் திறக்க முடியாது. ஒன்றரை வயசுப் பையனை அந்தக் காத்துல வளர்க்கறது எனக்கு மனசே வராது.

ஈஸ்ட்ஹாம்_மீனா:
ஈரம் பிடிச்ச வீடு எல்லா ஊர்லயும் இருக்கு, வீடு பார்க்கறப்ப கட்டில், அலமாரி பின்னாடி சுவரைத் தொட்டுப் பாருங்க, தெரிஞ்சிரும். அதை வச்சு ஒரு ஊரையே தள்ளாதீங்க.

நான் கேக்கறது ஒண்ணுதான், பகல் பூரா அந்த வீட்ல யார் இருக்கப் போறா? நீங்க ட்ரெயின் நேரம் மட்டும்தான் சொல்றீங்க, லோயர் ஏர்லிலேருந்து ரெடிங் ஸ்டேஷனுக்கு பஸ், அப்புறம் ட்ரெயின், அப்புறம் மாறுறது, வீட்டு வாசல்லேருந்து ஆபீஸ் வாசலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். ஏழுக்குக் கிளம்புற மனுஷன் திரும்பி வர்றப்ப பசங்க தூங்கியிருப்பாங்க. டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிரும். புது ஊர்ல, கைல குழந்தையோட, பேச ஆள் இல்லாம ஒரு பொண்ணு அந்த சாயங்காலத்தை ஓட்டறது என்னன்னு வீட்ல இருந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். இங்க ஈஸ்ட் ஹாம்ல ஸ்ட்ரோலரைத் தள்ளிட்டு ஹை ஸ்ட்ரீட் நார்த்ல இறங்கினா மாவு, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் நடக்கிற தூரத்துல, மேனர் பார்க் முருகன் கோயில் இருக்கு, ராத்திரி குழந்தைக்கு ஜுரம்னா ஓடி வர சித்தி பொண்ணு இருக்காங்க. கேனரி வார்ஃபுக்கு டிஸ்ட்ரிக்ட் லைன்ல வெஸ்ட் ஹாம் போய் ஜூபிலி மாறினா முடிஞ்சுது.

காசு கணக்கும் பாருங்க. ரெடிங்லேருந்து சீசன் டிக்கெட் வருஷத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேல. மூணு நாள் மட்டும் போறதுனு குறைச்சாலும் வாடகைல மிச்சம் பிடிக்கிறதுல நல்ல பங்கு ரயிலுக்கே போயிரும். லண்டன்ல 11 வயசுக்குக் கீழ பசங்களுக்கு பஸ்ஸும் ட்யூபும் இலவசம். அரசு பிரைமரி ஸ்கூல்ல மதிய சாப்பாடு 2023லேருந்து ஆறாம் வகுப்பு வரைக்கும் எல்லாருக்கும் இலவசம், லண்டனுக்கு வெளிய ரெண்டாம் வகுப்போட அது பொதுவா நின்னுரும்.

லோயர்ஏர்லி_அப்பா:
மீனா மேடம், தனிமைனு நீங்க சொல்றது நிஜம், அதை நான் மறுக்கல. ஆனா அதுக்கு மருந்து தமிழ்க்கடை மட்டும்தானா? இங்கயும் இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கு, லைப்ரரில சின்னக் குழந்தைங்களுக்கு பாட்டு நேரம் நடக்குது, காசே கிடையாது, போனா நாலு அம்மாக்கள் பழக்கம் ஆவாங்க, அவங்கள்ல எல்லா நாட்டுக்காரங்களும் இருப்பாங்க. இங்க வளரப் போற பசங்க எல்லார்கிட்டயும் பழகித்தான் ஆகணும், சொந்தக்காரங்க வட்டத்துக்குள்ளயே வளர்த்தா அது தள்ளித் தள்ளிப் போகும்னு எனக்கு தோணுது. பாட்டி தாத்தா பக்கத்துல இல்லாத குழந்தைங்களுக்கு ஓடறதுக்கு இடமாவது குடுக்கணும் இல்லையா.

ஈஸ்ட்ஹாம்_மீனா:
ஈஸ்ட் ஹாம் ஸ்கூல் வாசல்ல மூணே கால் மணிக்கு வந்து நின்னு பாருங்க, பங்களாதேஷ், ருமேனியா, கானா, லித்துவேனியானு எத்தனை ஊர் அம்மாக்கள். சொந்தக்காரங்க வட்டம்னு நீங்க நினைக்கிற மாதிரி இங்க இல்லவே இல்ல. அப்புறம் கார். இந்திய லைசென்ஸ்ல ஒரு வருஷம் ஓட்டலாம், அதுக்குள்ள இங்க டெஸ்ட் பாஸ் பண்ணணும், இன்சூரன்ஸ் புது ஆளுக்கு எகிறும், பையனுக்கும் பொண்ணுக்கும் தனித்தனி சீட் வாங்கணும் (12 வயசு இல்ல 135 செ.மீ. உயரம் வர்ற வரைக்கும் சட்டப்படி வேணும்). கார் இல்லாம லோயர் ஏர்லில குடும்பம் நடத்த முடியுமா சொல்லுங்க.

லோயர்ஏர்லி_அப்பா:
நடத்தலாம். ரெடிங் பஸ் கவுன்சிலோட சொந்த பஸ், அடிக்கடி வரும், நல்லாவும் ஓடும். நாங்க கார் இல்லாமதான் ஆரம்பிச்சோம்.

ஹரோ_அக்கா:
தம்பி, ரெண்டு பேரும் ஊரைப் பற்றித்தான் கதைக்கினம், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில இடம் இருக்கோ எண்டு ஆரும் கேக்கேல்லை. போன டிசம்பர்ல நாலு எண்டால் இந்த செப்டம்பர்ல அவ ரிசெப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு) போகவேணும். அதுக்கான விண்ணப்பம் ஜனவரி 15ஓட முடிஞ்சு, ஏப்ரல் 16ல எல்லாருக்கும் இடமும் குடுத்தாச்சு. நீங்கள் ஜூலையில வந்து போடுறது லேட் அப்ளிகேஷன், மிச்சம் இருக்கிற இடம்தான் கிடைக்கும். ரிசெப்ஷன்ல ஒரு டீச்சருக்கு 30 பிள்ளையள்தான் எண்டு சட்டம் இருக்கு, கெஞ்சினாலும் 31ஆவதாச் சேர்க்கமாட்டினம். ஒரு நல்ல பள்ளிக்கூடத்தை நினைச்சு அதுக்குப் பக்கத்தில வீடு எடுத்துப்போட்டு, பிறகு ரெண்டு பஸ் மாறி வேற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையக் கொண்டு ஓடுற ஆக்களை நான் ஒவ்வொரு வருஷமும் காணுறன்.

இன்னொண்டையும் யோசியுங்கோ. அக்கா படிக்கிற பள்ளிக்கூடத்தில தம்பிக்குக் கன இடங்களில முன்னுரிமை இருக்கு. அப்ப இண்டைக்கு மகளுக்கு எடுக்கிற இடம் மகன் பிரைமரி முடிக்கும் மட்டும் உங்களை அங்கயே பிடிச்சு வைக்கும். லண்டனுக்குள்ள இப்ப பிள்ளையள் குறைஞ்சு, ஹாக்னி, சதர்க் பக்கம் பள்ளிக்கூடங்களை மூடியும் இருக்கினம், அதால உங்களுக்கு இடம் கிடைக்கிறது முந்தின மாதிரிக் கஷ்டமில்லை. ஆனால் அது இடத்துக்கிடம் வித்தியாசம். நியூஹாம் (ஈஸ்ட் ஹாம்), ரெட்பிரிட்ஜ் (இல்ஃபோர்டு), வோக்கிங்ஹாம் மூண்டு கவுன்சிலுக்கும் இப்பவே ஈமெயில் போடுங்கோ, எந்தப் பள்ளிக்கூடத்தில ரிசெப்ஷன் இடம் மிச்சம் எண்டு கேட்டு எடுத்துப்போட்டு வீடு தேடுங்கோ. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற ஆஃப்ஸ்டெட் ஒரு சொல்லில தரம் சொல்லுறதை 2024 செப்டம்பரோட நிப்பாட்டிப்போட்டாங்கள், ஆரும் அவுட்ஸ்டாண்டிங் எண்டு சொன்னால் எந்த வருஷத்துக் கதை எண்டு கேளுங்கோ, போய் நேரில பாருங்கோ.

ரெண்டுபசங்கம்மா:
ரெடிங்ல வீட்ல இருந்த மனைவி நான், அதனால சொல்றேன். எனக்கு அந்த வீடும் பிடிச்சுது, பக்கத்து ஆளுங்களும் பிடிச்சுது, தமிழ்க்கடை தூரமா இருந்ததுல பெரிய குறை ஒண்ணும் தெரியல, கஷ்டமா இருந்தது அவர் வீடு வந்து சேர்ற நேரம்தான். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க, அந்தப் பொண்ணு பேங்க்ல வேலை பார்த்தவங்க. டிபெண்டன்ட் விசால அவங்க வேலைக்குப் போகலாம். இங்க வேலைக்குப் போற பெற்றோருக்கு குடுக்கிற 30 மணி நேர இலவச நர்சரி, ரெண்டு பேருமே பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசு உதவித்தொகை) இல்லாத விசானா கிடைக்காது. பையனுக்கு மூணு முடிஞ்சு அடுத்த டேர்ம்லதான் எல்லாருக்குமான 15 மணி நேரம் வரும். அதுவரைக்கும் நர்சரி முழு ஃபீஸ், அது வாடகைக்கு சமமாக்கூட வரும். அவங்க எப்ப வேலைக்குப் போக ஆசைப்படறாங்க, குழந்தைய யார் பார்ப்பா, அதைக் கேட்டீங்களா சார்?

கோவைக்காரன்:
வணக்கம், இது அவரோட மனைவி, அவர் ஐடிலயே எழுதறேன். எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து படிச்சேன். நான் ஜனவரிக்குள்ள வேலை தேட ஆரம்பிக்கணும்னு நினைக்கிறேன், அதுக்கு பையனைப் பாதி நாளாவது பார்த்துக்க சித்தி பொண்ணு ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு நான் காசு குடுத்துருவேன். எனக்குத் தோட்டம் வேணாம், இவர் ஆறரைக்கு வீட்ல இருக்கணும். லோயர் ஏர்லி அண்ணா சொன்ன ஈரம் விஷயம் மனசுல நிக்குது, அதனால சித்தி பொண்ணு வீடியோ கால்ல ஒவ்வொரு சுவரையும் காட்டாம அட்வான்ஸ் கட்ட மாட்டோம். நியூஹாமுக்கும் ரெட்பிரிட்ஜுக்கும் ஈமெயில் போட்டாச்சு. இல்ஃபோர்டுல கிடைச்சா பசங்க ஓட வேலன்டைன்ஸ் பார்க் இருக்கு, அங்கிருந்து சித்தி பொண்ணு வீடும் பஸ்ல போற தூரம்தான்.

லோயர்ஏர்லி_அப்பா:
நான் இன்னும் ரெடிங்தான் சொல்வேன் தங்கச்சி, ஆனா குழந்தையப் பார்த்துக்க ஆள் இருக்குனா அது பெரிய விஷயம். தரைத்தளம் எடுத்தா ஈரத்தைக் கூடுதலா பாருங்க. டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல கேட்டா குடுக்காதீங்க, சட்டப்படி வாங்கக்கூடாது.

ஹரோ_அக்கா:
ஒப்பந்தம் கையெழுத்தான அண்டைக்கே கவுன்சிலுக்கு அனுப்புங்கோ பிள்ளை, கிழமைக் கடைசி மட்டும் வைச்சிருக்காதேங்கோ. ஆகஸ்டில பள்ளிக்கூடம் பூட்டு, ஃபோன் எடுக்க ஆள் இராது. பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசிக் கார்டும் பெட்டிக்குள்ள போடாமல் கையில கொண்டுவாங்கோ.