மறு: மால்யூத்காவுக்குக் ‘குள்ள நீர்மூழ்கி’ பொருந்துமா?

> நம் கலைச்சொல் பட்டியலில், இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் நீர்மூழ்கியான மால்யூத்கா வகைக்கும் ‘குள்ள நீர்மூழ்கி’ என்றே போட்டுவிடலாம். எல்லாம் சிறியவைதானே?

வணக்கம் ஐயா. போடக் கூடாது என்பேன். ‘குள்ள’ என்பது ஆளைக் கேலி செய்யும் சொல், கலைச்சொல்லுக்கு ஆகாது. அதை விட்டாலும், மால்யூத்காவும் இருவர், நால்வர் மட்டுமே செல்லும் மிகச் சிறிய நீர்மூழ்கிகளும் வேறுவேறு கலங்கள்.

மால்யூத்காவின் அளவைத் தீர்மானித்தது கடல் அல்ல, தண்டவாளம். 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது, பசிபிக் கரையில் சோவியத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படியான கடற்படை இல்லை. கருங்கடல் பக்கத்து நிக்கலாயெவில் கட்டி, ரயிலில் ஏற்றிப் பசிபிக் துறைமுகமான விளாதிவஸ்தோக்குக்கு அனுப்பத்தக்க கலத்தைப் பொறியாளர் அசாபோவ் வடிவமைத்தார். நீளம் 37 மீட்டர். ஒரே டீசல் எஞ்சின், ஒரே மின்மோட்டார். முகப்பில் இரண்டு டார்பிடோக் குழாய்கள். ஏவிவிட்டால் மறுபடி நிரப்ப உள்ளே வேறு கிடையாது. ஏவியதும் முன்பக்கம் எடை குறைந்து, மூக்கு நீருக்கு மேலே வந்துவிடும். ஒளிந்திருப்பதே தொழிலாகக் கொண்ட கலத்துக்கு இதைவிட வேறு வினை வேண்டுமா?

ஆனாலும் அது முழுமையான போர்க்கலம். பின்னர் வந்த 12ஆம் தொடர் 200 டன்னைச் சற்றே தாண்டியது. உள்ளே முப்பதுக்கும் மேற்பட்டோர். தளபதி ஃபிசனோவிச்சின் எம்-172 என்ற மால்யூத்கா, 1941 ஆகஸ்டில் எதிரியின் லீனாஹமாரி துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து டார்பிடோ ஏவிவிட்டு மீண்டது. 1942 ஜூனில் எம்-32, ஜெர்மானியர் முற்றுகையில் கிடந்த செவஸ்தபோலுக்கு வெடிபொருளும் பெட்ரோலும் கொண்டுபோனது. இறக்கிய பின், பகலில் வெளியேற வழியின்றிக் கடலடியில் கிடந்தபோது, எஞ்சியிருந்த பெட்ரோல் ஆவி உள்ளே பரவி, ஆட்கள் ஒவ்வொருவராக நினைவிழந்தார்கள். புஸ்தவோய்தென்கோ என்ற ஒருவர் மட்டும் விழித்திருந்து கலத்தைக் காப்பாற்றினார். இழப்புகளும் அதிகம், எம்-78, 1941 ஜூனில் ஜெர்மனியுடன் போர் தொடங்கிய மறுநாளே ஜெர்மன் நீர்மூழ்கி யூ-144இடம் அழிந்தது.

நம் அரசு ஆவணங்களில் ‘குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்’ என்ற வரிசை ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். மால்யூத்கா ‘சிறுநீர்மூழ்கி’. தாய்க்கலம் சுமந்தோ இழுத்தோ கொண்டுபோக வேண்டியவை, அதாவது ஜப்பானின் இருவர் கலமும் பிரிட்டனின் எக்ஸ் வகையும், ‘குறுநீர்மூழ்கி’.

---

> குறு, சிறு நன்று. வரையறைதான் இடிக்கிறது. ஜெர்மனியின் ஜேஹுண்டில் இருவர்தான். ஆனால் தாய்க்கலம் இல்லாமல் துறைமுகத்திலிருந்து தானே புறப்பட்டுப் போகும். அதை எதில் சேர்ப்பீர்கள்? தவிர, ‘சிறுநீர்மூழ்கி’யைச் சேர்த்து எழுதினால் வகுப்பில் மாணவர்கள் எங்கே பிரிப்பார்கள் என்று யோசித்தீர்களா?

---

ஐயா, இரண்டாவது கேள்விக்கு உடனே சரணடைகிறேன். ‘சிறு நீர்மூழ்கி’ என்று இடம் விட்டே எழுதுவோம்.

ஜேஹுண்டும் நியாயமான கேள்வி. தாய்க்கலத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்போம்: காவல்முறை மாற உள்ளே ஆள் உண்டா? மால்யூத்காவில் ஒரு பிரிவு உறங்க, மற்றொன்று வேலை பார்க்கும். ஜேஹுண்டில் அந்த இருவரையும் விடுவிக்க யாருமில்லை. எக்ஸ் கலத்திலும் நால்வர்தான். 1943இல் ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போனபோது, இழுத்துச் செல்லும் பயணத்துக்கு ஒரு குழு, தாக்குதலுக்கு வேறொரு குழு என வழியிலேயே ஆள் மாற்றினார்கள்.

ஆகவே பட்டியலுக்கு:

குறுநீர்மூழ்கி – காவல்முறை மாற உள்ளே ஆளில்லாத மிகச் சிறிய கலம்.
சிறு நீர்மூழ்கி – காவல்முறை மாற ஆட்களுடன் தனித்து ரோந்து செல்லும், கரையோரப் போருக்கான கலம்.

மால்யூத்கா என்ற பெயரைக் ‘குழந்தை’ என்றெல்லாம் மாற்றாமல் அப்படியே விடலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘காவல்முறை’ வேண்டுமா ‘பணிமுறை’ வேண்டுமா என்பதையும் சேர்த்து.