பழைய பங்களா வீட்டுக்குத் தளபாடங்கள்: பிரான்சிலிருந்து வரவழைப்பதா, இங்கேயே தேடுவதா?

கேள்வி: பண்டாரவளை வாசகி

வணக்கம். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் தகரக் கூரையையும் பலகைத் தரையையும் திருத்தி முடித்துவிட்டோம். இனி வரவேற்பறைக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் தளபாடங்கள் வேண்டும். என் தங்கை பிரான்சில் லிமோஜ் நகருக்கு அருகே ஒரு பழைய கல்வீட்டை வாங்கிப் புதுப்பித்து, பிறர் பாவித்த பழைய பொருட்களைக் கொண்டே அதை நிரப்பியிருக்கிறாள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு கடையில் மினுங்கும் புதிய அலுமாரிகளில் எனக்கு மனம் செல்லவில்லை. மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தகட்டை ஒட்டிப் பூவேலை செய்த ஒரு லாச்சி அலுமாரியைக் கப்பலில் அனுப்பவா என்று அவள் கேட்கிறாள். நமது மலைநாட்டுக் காலநிலைக்கு அது ஒத்துவருமா?

பதில்: ஹட்டன், மரவேலை செய்பவர்

அந்த லாச்சி அலுமாரி அங்கேயே இருக்கட்டும், அம்மா. பழைய வெனீர் வேலைகளுக்குப் பெரும்பாலும் மிருகத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையையே பாவித்தார்கள். அது ஈரத்தில் இளகும், வறட்சியில் நொறுங்கும். உங்கள் பக்கம் ஐப்பசி தொடங்கி வடகீழ்ப் பருவமழை கொட்டும், ஆண்டின் நடுப்பகுதியிலோ காற்று வறண்டு வீசும். இதற்கு மேல் மாலையில் கணப்பு அடுப்பையும் மூட்டினால், உள்மரம் விரிந்து சுருங்க, மேலே ஒட்டிய வெனீர் அலையலையாகக் கிளம்பிவிடும்.

நமக்கு உகந்தவை முழு மரத்தில் செய்தவை: தேக்கு, முதிரை, பலா. பழைய பலா மரம் மஞ்சள் நிறம் மாறித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். அதன் வைரம் பாய்ந்த நடுப்பகுதியைக் கறையான் எளிதில் தொடாது, ஆனால் வெளிறிய வெளிப்பகுதியைத் தின்றுவிடும். ஆகவே எதை வாங்கினாலும் முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சிறு துளைகள் இருப்பதாலேயே அஞ்ச வேண்டியதில்லை, அவை பழைய காயங்களாக இருக்கலாம். தட்டும்போது துளைகளிலிருந்து புதிதாக வெளிறிய மாத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள், அப்பொருளை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது.

பதில்: பாரிஸ், மஸ்கெலியாவில் பிறந்தவர்

அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பிரான்சில் கோடை காலத்தில் ஊர்தோறும் மக்கள் தம் வீட்டுப் பரணைக் காலி செய்து தெருவில் விற்கும் சந்தைகள் கூடும். வியாபாரி அல்லாத ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் அங்கே விற்கலாம் என்பது சட்டம். 1949ஆம் ஆண்டு பாதிரியார் அபே பியேர் தொடங்கிய எமாயுஸ் என்னும் தொண்டு அமைப்பின் கடைகளிலும் நல்ல பழைய மேசைகள் கிடைக்கும். கனத்த பழைய தளபாடங்களுக்கு இன்று அங்கே கேள்வி குறைவு என்பதால், வாங்கும் விலையைக் காட்டிலும் கப்பற்கூலி கூடுதலாகிவிடும்.

தங்கை ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால் சிறிய பொருட்களைக் கேளுங்கள். தடித்த பழைய லினன் விரிப்புகள் உங்கள் ஊர்க் குளிருக்கு மிகவும் ஏற்றவை. அவள் இருப்பதோ லிமோஜ். 1768இல் அதன் அருகே வெண்களிமண் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பீங்கானுக்குப் பெயர் பெற்ற இடம். முழுத் தொகுதியாக இல்லாத தனித் தட்டுகள் பழைய சந்தைகளில் மலிவு, ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் மேசையில் அழகாகவே இருக்கும்.

கேள்வியாளர்:

இருவருக்கும் நன்றி. தட்டுகளையே கேட்கிறேன். இங்கே ஒரு வியாபாரியிடம், தோட்டத்து பங்களாக்களில் துரைமார் கால் நீட்டிப் படுத்த, நீண்ட கைகளுள்ள சாய்மனைக் கதிரை ஒன்று இருக்கிறது. தேக்கு என்கிறார், ஆனால் கருப்பாக வார்னிஷ் பூசியிருக்கிறார், பிரம்பும் கிழிந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: ஹட்டன், மரவேலை செய்பவர்

பிரம்பு கிழிந்தது நல்லதே, மரச்சட்டத்தை நன்றாகப் பார்க்க முடியும். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் கையால் பின்னிய பழைய வேலை. துளைகளுக்குப் பதிலாக ஒரு பள்ளம் ஓடினால், இயந்திரத்தில் நெய்த பிரம்புத் தாளைச் செருகிய கதிரை, பெரும்பாலும் பிற்காலத்தது. இரண்டும் பாவிக்கத் தகுந்தவைதான், விலை மட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

கருப்பு வார்னிஷ்தான் எனக்குச் சந்தேகம் தருகிறது. வேறு மரத்தில் ஒட்டுப் போட்ட இடங்களை மறைக்க அதைவிட வசதியான வழி இல்லை. இருக்கைக்கு அடியில், கண்ணில் படாத ஒரு மூலையில் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். மரம் சரியென்றால், கைகள் பின்காலோடு சேரும் மூட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். சற்று ஆடினால் பிரித்து ஒட்டலாம், ஆனால் முன்பே ஆணி அடித்திருந்தால் மரம் பிளந்திருக்கும், அதைத் திருத்தும் கூலி கதிரையின் விலையை எட்டிவிடும். மூட்டு வேலையையும் வார்னிஷ் நீக்குவதையும் முடித்த பின்னரே பிரம்பு பின்னக் கொடுங்கள்.