பந்து காலை விட்டு நழுவும் அந்த ஒரு கணம்: கன்சோல் காற்பந்து அனுபவப் பகிர்வு

ஈசூன் எட்டாம் நம்பர்

காற்பந்து வீடியோ கேம் நிஜம் மாதிரி இருக்கிறது என்று சொல்லும்போது எல்லாரும் படத்தைத்தான் சொல்கிறார்கள். வியர்வை, சட்டை மடிப்பு, புல்லின் நிறம். அதெல்லாம் இரண்டு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகும் ஆளை நாற்காலியில் உட்கார வைப்பது, பந்து நாம் நினைத்தபடி போகாததுதான். நிஜக் காற்பந்தே பிழைகளின் ஆட்டம். நல்ல பாஸ் அரை மீட்டர் பின்னால் விழுகிறது, முதல் தொடுதல் கனத்துப் போகிறது, இடது கால்காரர் வலது காலால் அடித்துப் பந்து பக்கவாட்டு வலையில் படுகிறது. இந்தப் பிழைகளை ஒரு கேம் நியாயமாகக் கொடுத்தால், அதாவது ஏன் நடந்தது என்று நமக்குப் புரியும்படி கொடுத்தால், அதுதான் நிஜத்துக்கு நெருக்கமானது.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கள ஆட்டக்காரர் சொந்தக் கோலைப் பார்த்து நிற்கிறார். பின்னாலிருந்து ஒருவர் நெருங்குகிறார். பந்து இடுப்பு உயரத்தில் வருகிறது. ஆர்2 பொத்தானை, அதாவது ஓட்டப் பொத்தானை, அழுத்தியபடியே பந்தை வாங்கினால் அது காலில் பட்டு ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகும். பின்னால் நிற்பவருக்கு அது போதும். ஆர்2-ஐ விட்டுவிட்டு, இடது ஸ்டிக்கை எதிராளி இல்லாத பக்கம் லேசாகச் சாய்த்து வாங்கினால் பந்து காலுக்கடியில் அடங்கும். உடலைத் திருப்பாமலே 180 டிகிரி பின்னால் பாஸ் கொடுத்தால் வேகமும் குறையும், குறியும் தவறும். திடலில் பயிற்சியாளர் சொல்லித் தரும் அதே பாடம்: வாங்குவதற்கு முன்பே உடலைத் திறந்து வை.

இந்த நிலைக்கு வர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆனது. இஏ நிறுவனத்தின் முதல் ஃபிஃபா 1993-ல் வந்தது. ஃபிஃபா 10 வரும்வரை பந்தை எட்டுத் திசைகளில்தான் கொண்டுபோக முடிந்தது. அதில்தான் 360 டிகிரியும் கிடைத்தது. ஃபிஃபா 12-ல் உடல் மோதலை முன்கூட்டியே வரைந்த அசைவாகக் காட்டாமல் அந்த நேரத்திலேயே கணக்கிட ஆரம்பித்தார்கள். ஃபிஃபா 22-க்கு 22 பேருக்கும் உணரிச் சட்டை மாட்டி முழு ஆட்டமே ஆட வைத்துப் பதிவு செய்தார்கள். ஃபிஃபா 23-ஓடு பெயர் ஒப்பந்தம் முடிந்தது. 2023 செப்டம்பரிலிருந்து அதே தொடர் எஃப்சி 24 என்று வருகிறது.

உங்கள் கைக்கு எது நிஜமாகப் படுகிறது, எந்த அமைப்பில் ஆடுகிறீர்கள் என்று எழுதுங்கள்.

செங்காங் இடதுகால்

எட்டாம் நம்பர் அண்ணன் சொன்ன முதல் தொடுதல் சரியாக உணரப்பட வேண்டுமானால் முதலில் டிவியைச் சரிசெய்ய வேண்டும். பலரும் கேமைக் குறை சொல்கிறார்கள், கோளாறு டிவியில் இருக்கிறது.

கேம் விநாடிக்கு 60 படங்களில் ஓடுகிறது, ஒரு படத்துக்கு சுமார் 16.7 மில்லி விநாடி. டிவி சினிமா மோடில் இருந்தால் படத்தை மெருகேற்றவே 100 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளக்கூடும். நீங்கள் பார்ப்பது ஆறு படம் பழையது என்று பொருள். அதற்குள் தற்காப்பு ஆட்டக்காரர் கால் நீட்டியிருப்பார். கேம் மோடுக்கு மாற்றினால் பெரும்பாலான டிவிகளில் இது 10 முதல் 20 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும். அசைவை வழவழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கன்சோலை சவுண்ட்பார் வழியாகச் சுற்றிவிடாமல் நேரே டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். கேம் மோடு அந்தந்தத் துளைக்குத் தனித்தனியாக அமைக்க வேண்டியது, கேபிளை மாற்றிச் செருகினால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலரிலும் ஒன்று இருக்கிறது. பிஎஸ்5 அமைப்புகளில் துணைக்கருவிகள் பகுதிக்குள் போய், தொடர்பு முறையை யுஎஸ்பி கேபிளுக்கு மாற்றலாம். அதை மாற்றாவிட்டால் கேபிள் வெறும் சார்ஜுக்குத்தான். புளோக்கில் பக்கத்து வீடு, மேல்வீடு என்று வைஃபையும் புளூடூத்தும் நெருக்கியடிக்கும் இடத்தில் இதனால் பலன் இருக்கிறது.

பிஎஸ்5-இல் இன்னொரு அழகு: ஆட்டக்காரர் களைத்துப் போகும்போது ஆர்2 விசை விரலுக்கு எதிராக இறுகும். 80-ஆவது நிமிடத்தில் ஓரத்தாக்கு வீரரை ஓடவிடும்போது விரல் அழுத்திப் பார்த்தாலே ஆளை மாற்ற வேண்டிய நேரம் தெரிந்துவிடும், திரையின் மூலையில் இருக்கும் கோட்டைப் பார்க்கத் தேவையில்லை.

தோ பாயோ வின்னிங்

ஜப்பானின் கொனாமி கேம் நிறுவனத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. வின்னிங் இலெவன் என்று நம் பக்கம் சொன்னதுதான் ஐரோப்பாவில் புரோ எவல்யூஷன் சாக்கர், சுருக்கமாக பெஸ். அதில் நிஜ அணிப் பெயர்களுக்கான உரிமம் குறைவு. மான்செஸ்டர் யுனைடெட் 'மேன் ரெட்', லிவர்பூல் 'மெர்சிசைட் ரெட்'. ஆனால் பந்துக்குக் கனம் இருந்தது. காலில் பட்ட பந்து ஆட்டக்காரரைப் பொறுத்து ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. மாஸ்டர் லீகில் காஸ்டோலோ, மினாண்டா என்ற கற்பனை ஆட்டக்காரர்களோடு தொடங்கி அணியைக் கட்டியவர்களுக்கு அந்தப் பெயர்கள் நிஜ ஆட்டக்காரர்களின் பெயர் போலவே மனத்தில் நிற்கும். என் தீர்ப்பு இதுதான்: சட்டையும் அரங்கமும் நிஜமாக இருந்து பந்து பொய்யாக இருப்பதைவிட, பெயர் பொய்யாக இருந்து பந்து நிஜமாக இருப்பது மேல்.

2021-ல் அது இஃபுட்பால் என்று இலவசமாக மாறிவிட்டது. தனியாக உட்கார்ந்து ஆட விரும்புபவர்கள் இன்றும் பெஸ் 2021-ஐ வைத்திருக்கிறார்கள். பெயரும் சட்டையும் சரியாக வேண்டுமா? யுஎஸ்பி குச்சியை எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 முறையில் வடிவமைத்து, அதில் WEPES என்று, அதாவது டபிள்யூ-இ-பி-இ-எஸ் என்ற ஐந்து ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒரு கோப்புறை போடுங்கள். ரசிகர்கள் தயாரித்த கோப்புகளைப் பிரித்தெடுத்து நேராக அதற்குள் போடுங்கள். பிறகு கேமின் திருத்தும் பகுதியில் இறக்குமதி. உள்ளே இன்னொரு கோப்புறை இருந்தால் கேம் எதையும் பார்க்காது, 'கோப்பு இல்லை' என்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இது பிஎஸ்4 பதிப்பில் நடக்கும், அதே வட்டை பிஎஸ்5-இல் போட்டாலும் நடக்கும். எக்ஸ்பாக்ஸில் இந்த வழி இல்லை.

நம் சிங்கப்பூர் ஆட்டக்காரர் வி. சுந்தரமூர்த்தியைக் கேமில் உருவாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. 'டாஸ்லர்' என்று பட்டம் வாங்கி, சுவிட்சர்லாந்தின் பாசல் அணிவரை போனவரை வெறும் வேகக்காரராகப் போட்டுவிடக் கூடாது. பந்து கட்டுப்பாடு, வெட்டியோட்டம் (டிரிப்ளிங்), சமநிலை மூன்றையும் 85-க்கு மேல் வையுங்கள், ஓட்டவேகத்தை 75 அளவில் விடுங்கள். வேகத்தையும் 90 ஆக்கினால் கேம் ஓட விட்டுவிடும், ஏமாற்றித் தாண்டும் ஆட்டமே வராது.

பிடோக் கோல்காப்பாளர்

அண்ணே, பந்தின் கனத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் எஃப்சி தொடரிலும் அதைக் கொண்டுவரலாம். ஸ்லைடர் என்ற அளவுகோல்கள் அதற்குத்தான். எல்லாம் 50-ல் நிற்கும், 0 முதல் 100 வரை நகர்த்தலாம். 'பயனர்', 'கணினி' என்று இரண்டு பக்கம் உண்டு. இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அது நிஜமாக்குவது ஆகாது, சலுகை கொடுப்பதாகிவிடும்.

பத்து நிமிடப் பாதி, வேர்ல்ட் கிளாஸ் நிலை, கேம் வேகம் ஸ்லோ. இதிலிருந்து தொடங்கலாம்:

பாஸ் பிழை 62, முதல் தொடுதல் பிழை 65, ஷாட் பிழை 55, பாஸ் வேகம் 45, முடுக்கம் 45, ஓட்டவேகம் 50-லேயே. மற்றதைத் தொடாதீர்கள்.

பிழை அளவு கூடினால் தவறு கூடும், இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு 30-க்கு இறக்குபவர்கள் அதிகம். முடுக்கத்தைக் குறைப்பதற்கும் காரணம் உண்டு: நின்ற இடத்திலிருந்து ஒரே அடியில் பறப்பது நின்று, ஆட்டக்காரர் இரண்டு மூன்று எட்டு வைத்துத்தான் வேகமெடுப்பார், தற்காப்பில் நிற்பவருக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். ஓட்டவேகத்தையும் சேர்த்துக் குறைத்தால் எல்லாரும் சேற்றில் ஓடுவது போல ஆகிவிடும். ஐந்து ஐந்தாக, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று ஆட்டம் ஆடிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

பாதியின் நீளம் மிக முக்கியம். ஆறு நிமிடப் பாதியில் நம் ஒரு விநாடி கேம் கடிகாரத்தில் ஏழரை விநாடி. அந்த அவசரத்தில் யாரும் பந்தைப் பின்னால் திருப்பி நிதானமாக ஆட மாட்டார்கள். பத்து நிமிடப் பாதியில் அது நாலரை விநாடியாகிறது. அப்போதுதான் கோல்காப்பாளரிடம் பந்தைக் கொடுத்து, எதிரணியை முன்னால் இழுத்து, பின்னால் திறக்கும் இடத்தில் பாஸ் போடும் பொறுமை வரும். இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து அன்றைய பிரிமியர் லீக் ஆட்டத்தையே கேமில் ஆடிவிட்டு, பத்து மணிக்கு நிஜ ஆட்டத்தைப் பார்ப்பதில் இருக்கும் சுகம் இங்கே சிங்கப்பூர் நேரத்தில்தான் கச்சிதமாக அமையும். குளிர்காலத்தில் பதினொரு மணி.

தயாரித்தவர்களுக்கே இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது. எஃப்சி 26-ல் இரண்டு விதமான ஆட்டத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்: தனியாள் கரியர் மோடுக்கு நிதானமான நிஜ ஆட்டம், அல்டிமேட் டீம் போன்ற இணையப் போட்டிகளுக்கு விறுவிறுப்பான போட்டி ஆட்டம். எனவே அல்டிமேட் டீம் ஆடிவிட்டு 'இது காற்பந்தே இல்லை' என்று முடிவுகட்டாதீர்கள்.

உட்லண்ட்ஸ் ஸ்டாப்பர்

தற்காப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே.

புதியவர்கள் வட்டப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஆட்டக்காரர் கால் நீட்டுவார், கால் நீட்டினால் அரை விநாடி நகர முடியாது, எதிராளி தாண்டிவிடுவார். எல்2-ஐப் பிடித்துக்கொண்டு முகம் கொடுத்தே பின்வாங்குங்கள். பந்துக்கும் கோலுக்கும் நடுவில், ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி. எதிராளி பந்தைக் காலை விட்டுத் தள்ளிய அந்தத் தொடுதலில் மட்டும் வட்டம். எல்2-உம் ஆர்2-உம் சேர்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் வேகமாக நகரலாம், ஆனால் திரும்பும்போது தடுமாறும்.

இன்னொரு தப்பு: சென்டர்பேக்கை, அதாவது நடுத் தற்காப்பாளரை, தேர்ந்தெடுத்து முன்னால் இழுத்துக்கொண்டு போவது. அவர் விட்ட இடத்தில்தான் அடுத்த பாஸ் விழும். தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரரை எடுத்துப் பாஸ் வழியை மறையுங்கள். ஆர்1 பிடித்து இரண்டாவது ஆளை நெருக்கச் சொல்வதைச் சில விநாடிகளுக்கு மேல் நீட்டாதீர்கள், அவரும் தன் இடத்தை விட்டுத்தான் வருகிறார்.

தெம்பனிஸ் அக்கா

இரண்டு விஷயம், இரண்டும் வீடு சார்ந்தவை.

இணையத்தில் ஆடும்போது பந்து தண்ணீரில் மிதப்பது போல இருந்தால் பதிவிறக்க வேகத்தைப் பார்க்காதீர்கள். 1 ஜிபிபிஎஸ் இருந்தும் பயனில்லை. பார்க்க வேண்டியது பிங்கும், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமும், அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும். வீவக வீடுகளில் ரௌட்டரைப் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைக்குள் வைத்து இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அந்தக் கான்கிரீட் சுவர் வைஃபையை விழுங்கிவிடும். கேட் 5இ கேபிள் ஒன்றை ரௌட்டரிலிருந்து கன்சோலுக்கு இழுத்துவிட்டால் போதும், கேட் 8 என்று விலை கூடியதெல்லாம் தேவையில்லை. கேபிள் இழுக்க வழியில்லை என்றால் ரௌட்டரையாவது வெளியே எடுத்து வையுங்கள். கன்சோலையும் மூடிய டிவி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

அடுத்தது பிள்ளைகளின் கணக்கு. அல்டிமேட் டீமில் அட்டைப் பொட்டலம் வாங்க எஃப்சி பாயிண்ட்ஸ் விற்கிறார்கள். உள்ளே யார் வருவார் என்பது தெரியாது, அடுத்த ஆண்டுக் கேமுக்கு அந்த அட்டைகள் வராது. பெல்ஜியத்தில் இந்தப் பாயிண்ட்ஸ் விற்பனை 2019 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. பிளேஸ்டேஷன் குடும்ப நிர்வாகத்தில் பிள்ளையின் கணக்குக்கு மாதச் செலவு வரம்பைப் பூஜ்ஜியம் வெள்ளி என்று வைக்கலாம். பெரியவர் கணக்கில் கார்டு விவரம் சேமித்திருந்தால், வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். கரியர் மோடில் ஒரு காசு செலவில்லாமல் ஆண்டு முழுக்க ஆடலாம்.

ஜூரோங் பதினொன்று

கேட்கிறேன்: இடது ஸ்டிக்கைத் தொடாமலே ஆட்டக்காரர் மெதுவாக வலது பக்கம் நகர்கிறார். இதுவும் ஸ்லைடரா?

செங்காங் இடதுகால்

இல்லை தம்பி, அது ஸ்டிக் நகர்வு. ஸ்டிக்குக்குக் கீழே பொட்டென்ஷியோமீட்டர் என்ற சிறு பாகம் இருக்கிறது. உள்ளே கரித்தடம், அதன்மேல் உலோக நாக்கு உரசும். தேய்ந்தாலோ தூசு படிந்தாலோ நடுநிலை தப்பிவிடும். காற்பந்து கேமில் இடது ஸ்டிக்கை எந்நேரமும் சுழற்றுவதால் அதுதான் முதலில் போகும்.

முதலில் கன்ட்ரோலரின் பின்புறச் சிறு துளையில் ஊசியால் ஐந்து விநாடி அழுத்தி மீட்டமையுங்கள். சரியாகவில்லை என்றால் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு ஸ்டிக்கின் அடியில் விட்டு, ஒரு நிமிடம் சுழற்றி, அரை மணி நேரம் காயவிடுங்கள். தூசு என்றால் சரியாகும், தேய்மானம் என்றால் சில நாளில் திரும்பி வரும். அப்போது ஸ்டிக் பாகத்தையே மாற்ற வேண்டும், அது ஈயப்பற்று வேலை. மாற்றும்போது காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் வகையைப் போடச் சொல்லுங்கள், அதில் உரசும் தடமே கிடையாது. ஆனால் உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால் திறக்காதீர்கள், முதலில் ரசீதைத் தேடுங்கள்.