தேங்கு மருந்தும் காவல் மருந்தும்

ஐயா, வணக்கம்.

மருந்தகத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும்போது நீங்கள் முன்வைத்த 'மெதுநகர்வு மருந்து' பற்றி இரண்டு நாளாக யோசித்தேன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அலமாரியை விட்டு எளிதில் போகாத மருந்தை 'ஸ்லோ மூவிங்' என்று நாங்கள் அன்றாடம் சொல்வதற்கு அது நேரான பெயர்ப்புதான், சரி. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறது. அதைப் பிரிக்காமல் நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

போன வருடம் எங்கள் அலமாரியில் ஒரு இருமல் சிரப் நாற்பது பாட்டில் நின்றுபோனது. அதை எழுதிவந்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், மற்றவர்கள் எழுதவில்லை. மொத்த வியாபாரி திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடுவை நானும் தவறவிட்டேன்.

அதே அறையில், குளிர்ப்பெட்டியில், பாம்புக்கடி விஷமுறிவு மருந்து இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அது ஒன்றுதான். மாதக்கணக்கில் ஒரு குப்பிகூடப் போகாது. மேலூர்ப் பக்கம் அறுப்பு நேரத்தில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், எடுத்த எடுப்பில் பத்துக் குப்பி வரை தேவைப்படும். ஓடுகிற சரக்கு, மெல்ல ஓடுகிற சரக்கு, ஓடாத சரக்கு என்று எவ்வளவு போகிறது என்ற கணக்கை மட்டும் பார்த்துப் பிரித்தால், சிரப்பும் இந்தக் குப்பியும் ஒரே கட்டத்தில் விழும். கொள்முதலுக்குப் புதிதாக வருபவர் இரண்டையும் குறைக்கச் சொல்வார். எனக்கு அதுதான் பயம்.

அதனால் இரண்டு சொல் கேட்கிறேன். போகாமல் நிற்பது தேங்கு மருந்து. போகாவிட்டாலும் இருந்தே தீர வேண்டியது காவல் மருந்து. 'சரக்கு தேங்கிப்போச்சு' என்பது நம் கடைத்தெருவில் ஏற்கெனவே புழங்கும் பேச்சு. காவல்காரர் திருடன் வராத இரவுக்கும் சம்பளம் வாங்குகிறார், அதை யாரும் வீண்செலவு என்பதில்லை. 'சேம இருப்பு' என்றும் யோசித்தேன். அது எந்த மருந்துக்கும் வைக்கும் குறைந்தபட்ச அளவைத்தான் சொல்லும்.

'எக்ஸ்பைரி'க்குக் காலாவதி நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'ஷார்ட் எக்ஸ்பைரி'க்குக் கெடு நெருங்கிய மருந்து போதும். முதலில் வந்ததை முதலில் கொடு என்ற கடை வழக்கம் மருந்துக்கு ஒத்துவராது, பிந்தி வந்த பெட்டியில் முந்திய தேதி இருக்கலாம். எனவே கெடு முந்தியதை முதலில் கொடுப்பதற்கு முன்கெடு முன்வழங்கல். 'கெடு' கெட்டுப்போனதைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது என்றீர்கள். 'கெடு வைத்தார்' என்றால் யாரும் அப்படி நினைப்பதில்லையே, ஐயா.

ஒன்று நேரில் பார்த்தால்தான் புரியும். மாத்திரை அட்டையில் தேதி பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து நான்கு மாத்திரை கத்தரித்துக் கொடுத்தால், மீதி ஆறுக்கும் தேதி கிடையாது. வெறும் வெள்ளி முதுகுதான். மறுமுனையிலிருந்து வெட்டு என்று புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இன்னொன்றுக்குத்தான் சொல் அகப்படவில்லை. காலாவதியானதைக் கம்பெனி திரும்ப எடுக்கும்வரை, விற்கும் சரக்கோடு சேராமல், மேலே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனிப்பெட்டியில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கழிவு என்றும் சொல்ல முடியாது. கழிவாகிவிட்டால் 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி அதற்கென்று உள்ள மஞ்சள் பைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தப் பெட்டியில் இப்போதைக்கு 'விலக்கிருப்பு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பொருந்துகிறதா, பாருங்கள்.