மென்மாற்றம், வன்மாற்றம் வேண்டுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அடி, அங்குல அளவுகளை மெட்ரிக் முறைக்குக் கொண்டுவரும்போது பொறியாளர்கள் சாஃப்ட் கன்வர்ஷன், ஹார்ட் கன்வர்ஷன் என்று பிரித்துச் சொல்வனவற்றுக்கு மென்மாற்றம், வன்மாற்றம் என்னும் இணை இங்கு முன்மொழியப்பட்டிருக்கிறது. மென்பொருள், வன்பொருள் என்பவற்றின் ஓசையோடு இவை எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஆயினும் எதில் மென்மை, எதில் வன்மை என்ற கேள்விக்கு இச்சொற்களில் விடை இல்லை என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

1959-இல் ஆறு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மி.மீ. ஆகும். அரை அங்குலத் துளையுள்ள தகட்டின் வரைபடத்தில் 12.7 மி.மீ. என்று திருத்தி எழுதினால், தகடும் துளையும் அப்படியே இருக்க, எண் மட்டுமே மாறுகிறது. வசதிக்காக அந்தத் துளையையே 12 மி.மீ. ஆக்கினாலோ பொருளே மாறிவிடுகிறது. பழைய அரை அங்குல போல்ட் அதில் நுழையாது. ஆகவே முன்னதை, அதாவது சாஃப்ட் கன்வர்ஷனை, எண்மாற்றம் என்றும் பின்னதை, அதாவது ஹார்ட் கன்வர்ஷனை, அளவுமாற்றம் என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. அலகுமாற்றம் என்பது இரண்டுக்கும் பொதுவான சொல்லாக இருக்கட்டும்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2 அடி என்பது 609.6 மி.மீ.; பொய்க்கூரைச் சட்டங்களோ 600 மி.மீ. இடைவெளியில் அமைகின்றன. உண்மையான 2 அடிப் பலகை அதற்குள் அடங்காது. அந்தச் சட்டத்தில் பொருத்தக் கடையில் ‘இரண்டுக்கு இரண்டு’ என்று நாம் கேட்டு வாங்கும் விளக்கு, பெயரில் அடியாகவும் அளவில் மெட்ரிக்காகவும் இருப்பது இந்த அளவுமாற்றத்தின் விளைவே.

எண்மாற்றம் என்றால் இரும எண்ணைப் பதின்ம எண்ணாக்குவதோடு குழம்பாதா என்று கணினித் துறையினர் கேட்கக்கூடும். அளவீடு பற்றிய நூலில் அந்தப் பொருள் குறுக்கிட வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் அதை நான் பெரிதாகக் கருதவில்லை. எட்டுக்கு நான்கு ஒட்டுப்பலகையின் 2438.4 மி.மீ. நீளத்தை 2440 என்று எழுதுவதையும், பலகை மாறாதவரை, எண்மாற்றத்திலேயே சேர்க்கலாம்.

குழாய்தான் இடறுகிறது. அரை அங்குல எஃகுக் குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மி.மீ.; மெட்ரிக் முறையில் அதே குழாய்க்கு டி.என். (பெயரளவு விட்டம்) 15 என்று பெயர். இங்கே குழாயும் மாறவில்லை, 12.7 என்ற எண்ணும் வரவில்லை. பெயர் மட்டுமே மாறுகிறது. பெயர்மாற்றம் என்று எழுதலாமென்றால் பட்டா அலுவலகம் நினைவுக்கு வருகிறது. குறியீட்டு மாற்றம் என்பது பொருந்துமா? குழாய் வேலை அறிந்த அன்பர்கள் சொல்ல வேண்டும்.