'டர்டில்ஸ் கேன் ஃபிளை' (2004): தமிழ் வசனவரியில் நேரம் நழுவுகிறது, உதவி தேவை

பஹ்மான் கோபாதியின் குர்திஷ் படம். 2003 படையெடுப்புக்குச் சற்று முன், ஈராக்–துருக்கி எல்லை அகதி முகாமில் கண்ணிவெடி பொறுக்கி விற்கும் பிள்ளைகளின் கதை. தமிழ் எஸ்ஆர்டி (வசனவரிக் கோப்பு) தயார், ஆனால் படத்தோடு ஒட்டவில்லை.

முதல் வரி சரியாக விழுகிறது. போகப்போக வசனம் முந்துகிறது. 48-ஆம் நிமிடத்தில் கிட்டத்தட்ட 2 நிமிடம். கோப்பு விநாடிக்கு 25 ஃபிரேம் (படச்சட்டம்) கணக்கு, வீடியோ 23.976 என்பதால் வரும் நழுவல் இது. மொத்தமாகத் தள்ளினால் தீராது. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 25-லிருந்து 23.976-க்கு மாற்றியதும் முதல் பாதி உட்கார்ந்துவிட்டது. பிற்பாதியில் ஓரிடத்திலிருந்து சீராக 6 விநாடி பிசகு. வேறு வெட்டுப் பதிப்பாக இருக்கலாம்.

தேவை இரண்டு: 23.976 டிவிடி பதிப்புக்குப் பொருந்தும் எந்த மொழி எஸ்ஆர்டியாவது (நேரம் மட்டும் போதும்). குர்திஷ் பேச்சைக் கேட்டே புரிந்துகொள்பவர் ஒருவர். சிறுவர்கள் கும்பலாகக் கத்தும் காட்சிகளில் ஆங்கில வசனவரி பாதியை விழுங்கிவிடுகிறது.

யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்தும் சில டிவிகளில் கொம்பும் காலும் பிரிந்து தெரிகின்றன. ஹேண்ட்பிரேக் (வீடியோ மாற்றும் மென்பொருள்) கொண்டு வரிகளை வீடியோவிலேயே பதிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?