பவுண்டரி எனும் வார்ப்பாலைகளோடு சேர்ந்து ஒரு பாடம்: ஒப்பந்தம் போட்டாச்சு, அடுத்து என்ன?

கேள்வி – மெக்_துறை

வணக்கம். கோவையில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் துறைக்காகக் கேட்கிறேன். அரசூர், கிணத்துக்கடவு பக்கம் ஆறு பவுண்டரிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தொழிற்சாலைப் பார்வை, ஒரு சிறப்புச் சொற்பொழிவு, அதோடு சரி. பவுண்டரிக்காரர்களோ மெல்டிங்குக்கும் (உலோகம் உருக்குதல்) தரக்கட்டுப்பாட்டுக்கும் ஆள் இல்லை என்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் 3 கிரெடிட் விருப்பப் பாடம் ஒன்று வைக்கலாம் என்று யோசனை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, யார் நடத்துவது, படிப்பு முடிந்தபின் அங்கேயே பயிற்சிக்கு எடுக்க என்ன வழி?

பதில் 1 – பாடக்குழு

தன்னாட்சி என்பதால் வேலை பாதி குறைவு. உங்கள் பாடத்திட்டக் குழு பரிந்துரைத்து, கல்விக் குழு ஏற்றால் போதும்.

வகுப்புக்கு 1 கிரெடிட் என்றால் 15 மணி நேரம். செய்முறைக்கு 2 கிரெடிட் என்றால் 60 மணி நேரம். அந்த 60 மணியை வாரத்துக்கு நான்கு மணி என்று கால அட்டவணையில் தூவிவிடாதீர்கள். இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. பஸ் போய்ச் சேர்வதற்குள் ஒரு ஹீட் (ஒரு தடவை உருக்கும் இரும்பு) உருகி ஊற்றி முடிந்திருக்கும். நாளுக்கு 6 மணி வீதம் 10 முழு நாட்கள், ஐந்தைந்தாக இரண்டு தொகுதி. சார்ஜ் (உலையில் இடும் மூலப்பொருள்) போடுவதிலிருந்து மோல்டு (மண் அச்சு) உடைப்பது வரை ஒரே நாளில் பார்க்க வேண்டும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் படிப்பு (வகுப்பும் தொழிற்சாலைப் பயிற்சியும் கலந்தது) ஐந்து வருஷம் நீள்வதும், ஷாப் ஃப்ளோரில் கழிக்கும் நேரத்தைத் தனியே கணக்கில் எடுப்பதால்தான்.

பாடத்திட்டக் குழுவில் தொழில் துறைக்கு ஓர் இடம் யுஜிசி விதியிலேயே உண்டு. அதில் மனிதவள அதிகாரியை உட்கார வைப்பது வழக்கம்; பலன் இல்லை. மெத்தட்ஸ் (வார்ப்பு முறையை வடிவமைப்பது) அல்லது குவாலிட்டி பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள்.

நடத்த ஆள்: 2022இல் யுஜிசி கொண்டுவந்த ‘பிராக்டிஸ் பேராசிரியர்’ முறை. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் வேண்டும், பட்டம் கட்டாயமில்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை நியமிக்கலாம். நல்ல மெல்டிங் மேலாளர் ஒருவரை இதில் கொண்டுவர முடியும்.

பதில் 2 – கரிமணல்

பாடத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரிக்காதீங்க, ரிஜெக்‌ஷன் (கழிச்சுத் தள்ளுற வார்ப்போட குறை) வாரியாகப் பிரிங்க. எஃப்ஜி 200 (சாம்பல் வார்ப்பிரும்பு வகை) பம்ப் கேசிங் ஒன்றே போதும்: ப்ளோ ஹோல் (வாயு ஓட்டை), ஷ்ரிங்கேஜ் (உறையும்போது சுருங்கி வர்ற குழி), மண் விழுந்தது, கோர் (உள் வெற்றிடத்துக்கு வைக்கிற மண் அச்சு) நகர்ந்து ஒரு பக்கச் சுவர் மெலிஞ்சது.

ப்ளோ ஹோல்னா உடனே அச்சு மண் ஈரத்தைத்தான் குறை சொல்லுவாங்க. ஈரம் 3-4 சதவீதத்துக்குள்ள இருந்தும் ஓட்டை வந்தா, மண்ணுல தூசு சேர்ந்து காற்று வெளியேற வழியில்லாமப் போயிருக்கும், இல்ல கோருல பிசின் அதிகம், இல்ல வென்ட் (வாயு போற துளை) அடைச்சிருக்கும். எதுன்னு ஒவ்வொண்ணா விலக்கிப் பார்க்கறதுதான் பயிற்சி.

ஸ்பெக்ட்ரோ (உலோகத்துல எந்தத் தனிமம் எவ்வளவுன்னு காட்டுற கருவி) ரீடிங்கை வேதவாக்கா எடுத்துக்கறது இன்னொரு தப்பு. காயின் சாம்பிள் (நாணயம் மாதிரி ஊத்தின சோதனைத் துண்டு) வெள்ளையா உறைஞ்சிருக்கணும். மெதுவா ஆறி கிராஃபைட் பிரிஞ்சிருந்தா காட்டுற கார்பன் அளவை நம்ப முடியாது. அதை வெச்சு உலைல சரிக்கட்டினா ஹீட் முழுக்க அடிபடும்.

அப்புறம் இனாகுலன்ட், அதாவது கிராஃபைட் சரியா உருவாக உருகின இரும்புல போடுற பொருள். போட்டு 10, 15 நிமிஷம் தாண்டி ஊத்தினா வீரியம் இறங்கிடும். மெல்லிசான இடம் வெள்ளை இரும்பா உறையும். சிஎன்சில டூல் முனை உடையும். மெஷின் ஷாப் ‘ஹார்டா இருக்கு’ன்னு திருப்பி அனுப்பும்போது வேதியியல் அறிக்கை சுத்தமா இருக்கும். ஊத்தின நேரத்தைக் குறிச்சு வெச்சவனுக்குத்தான் காரணம் தெரியும். மாணவன் கையில ஒரு கடிகாரமும் நோட்டும் கொடுத்து லேடில் (உருகின இரும்பை ஊத்துற வாளி) பக்கத்துல, பாதுகாப்பான தூரத்துல நிறுத்துங்க. அந்த ஒரு வேலைக்கே மதிப்பெண் வைக்கலாம்.

பதில் 3 – ஸ்டைபண்ட்

படிப்புக்குப் பிறகு எடுக்க ‘நேட்ஸ்’ (மத்திய அரசின் தேசியத் தொழில் பயிற்சித் திட்டம்) தான் நேர் வழி. தென்மாநிலங்களுக்கு அலுவலகம் சென்னை தரமணியில். 2019 திருத்த விதிகள்படி 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்களை எடுத்தே ஆகவேண்டும். 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். சிறு பவுண்டரிகள் பலவற்றுக்கு இது தெரியாது. அந்த விதிகள் வைத்த குறைந்தபட்ச ஸ்டைபண்ட் (மாத உதவித்தொகை) பட்டதாரிக்கு 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000; அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தொகை மாறக்கூடியது, போர்ட்டலில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் ஒப்பந்தப் பதிவு, பிறகே வேலை. மாறிச் செய்தால் அரசுப் பங்கு கேட்கும்போது சிக்கும். பயிற்சியாளருக்கு பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தாது. ஆனால் அடிபட்டால் இழப்பீடு முதலாளி பொறுப்பு. உலைப் பக்கம் அனுப்பும் நிறுவனம் இதை வாயால் ஒப்புக்கொண்டால் போதாது, எழுத்தில் வேண்டும்.

மெக்_துறை

நன்றி. வகுப்பில் 60 பேர். எல்லோரையும் அனுப்பலாமா? முதலாளிகள் ‘எங்களுக்கு என்ன லாபம்’ என்று கேட்டால்?

கரிமணல்

ஒரு பவுண்டரிக்கு நாலு பேர். ஆறுக்கு 24. அதுக்கு மேல போனா கூட்டம்தான், கத்துக்க முடியாது. உருகின இரும்பு பக்கத்துல அது ஆபத்தும்கூட. மாசக் கடைசி வாரத்தை விட்டுடுங்க, டெஸ்பாட்ச் நெருக்கடில யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

லாபத்துக்கு: உங்க லேப்ல மண் சோதனைக் கருவி சும்மா தூங்கும். 50 மிமீ சாம்பிளை மூணு அடி அடிச்சு, ஈரம், பெர்மியபிலிட்டி (காற்று ஊடுருவுற அளவு), பச்சை வலிமை (ஈர மண்ணோட வலிமை) மூணையும் வாராவாரம் பார்த்து, தேதியோட சார்ட் போட்டு அனுப்புங்க. மண்ணை மூடி போட்ட டப்பால கொண்டுவரச் சொல்லுங்க. பிளாஸ்டிக் கவரைக் கட்டாம பைக்ல தொங்கவிட்டா வர்ற வழியிலயே ஈரம் போயிடும்.